முடியக்கூடாத ஆட்டம்

“டேய் கருவாடு, நீ மனுசந்தானா, இல்ல கம்ப்யூட்டரா?” என்று பிரையன் ஒருமுறை என்னைக் கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. குழுவில் எல்லாரும் மைக்கில் கத்திக்கொண்டேதான் ஆடுவார்கள். நான் மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. அவசியமென்றால் எழுத்தில் தட்டுவேன். ‘சரி’, ‘இல்லை’, ‘வடக்கே வருகிறான்’, அவ்வளவுதான். கருவாடு என்ற பெயரை நானேதான் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பாள் என்று யாரும் தேடமாட்டார்கள்.

“மனுசன்” என்று தட்டிவிட்டு, மைக் அணைந்துதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் ஆடுவது ரோமானியர் காலத்துப் போர் விளையாட்டு. ஆளுக்கு ஓர் ஊர். வயல் போட வேண்டும், களஞ்சியம் கட்ட வேண்டும், மரம் வெட்ட ஆள் அனுப்ப வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், படை சேர்க்க வேண்டும். எதிராளியின் நடு மண்டபத்தை இடித்தால் வெற்றி. சதுரங்கம் மாதிரி உன் முறை, என் முறை என்பதெல்லாம் கிடையாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் படை நடந்துகொண்டிருக்கும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க வாய் வராத எனக்கு, அங்கே மட்டும் கை தயங்காது.

நாங்கள் இருப்பது கிள்ளானில், டொரத்தி ஆன்டியின் தையல் கடைக்கு மேலே உள்ள அறையில். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். தங்கை மலர்விழியும் எங்களோடு இருந்திருக்க வேண்டும். அவள் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் பழைய வீட்டில், அப்பாவிடம் இருக்கிறாள்.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. அவர் குரல் தாழத் தாழத்தான் எங்களுக்குப் பயம். “மாதவி, இங்க வா” என்று அவர் மெல்ல அம்மாவைக் கூப்பிட்டால், நான் மலரை இழுத்துக்கொண்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்று அவள் காதைப் பொத்துவேன். என் காதைப் பொத்த யாரும் இல்லை. அம்மாவின் கை எலும்பை முறித்த அன்று, அவர் மலரை ஐஸ்கிரீம் வாங்கித் தரக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

மலருக்காக அம்மா போலீசோடு போய்க் கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்து, வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். மலரின் தோளில் கையை வைத்துக்கொண்டு, “எங்க இருக்கணும்னு நீயே சொல்லும்மா” என்றாராம். மலர் அப்பாவோடு என்று சொன்னாள். அந்தக் கை தோளில் இருக்கும்போது நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதன் பிறகு நீதிமன்றம். தேதிக்கு மேல் தேதி.

நான் பள்ளியை விட்டதும் இதனால்தான். கிள்ளானில் புதுப் பள்ளியில் சேர வேண்டுமானால் பழைய பள்ளிக்குத் தெரிய வேண்டும். பழைய பள்ளிக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். “கொஞ்ச நாளைக்கு வீட்லயே இரு” என்றார் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் நீண்டுவிட்டது. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போவார். நான் ஆன்டிக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பேன். மீதி நேரத்தில், ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆன்டியின் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஆடுவேன்.

இந்த விளையாட்டின் பழைய பதிப்பை நான் முதலில் ஆடியதே அப்பாவோடுதான். அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் ஒரு பழைய வேன் வாங்கினார். கோவில் வாசலில் பூசை போட்டு, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அன்று சாயங்காலம் ஆடும்போது என்னுடைய முதல் கல்லெறி வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்தது.

“புது வண்டிப்பா. எலுமிச்சம்பழம் வேணாமா?” என்று கேட்டேன்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் ஊருக்குப் பக்கத்தில் மஞ்சள் பழம் காய்க்கும் ஒரு தோட்டம் இருந்தது. “அதுமேல ஏத்து!” என்றார். ஏற்றினேன். தோட்டம் நசுங்கி என் ஊரின் உணவு குறைந்தது. புத்தியுள்ள யாரும் அதைச் செய்யமாட்டார்கள். நாங்கள் அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்தோம். இப்போதும் புது வண்டி வந்தால், நான் யோசிப்பதற்கு முன் என் கை அதைத் தோட்டத்தின் மேல் ஓட்டிவிடுகிறது.

இதைப் பிரையன் கவனித்துவிட்டான். எங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவன் அவன்தான். “கருவாடு சொந்தத் தோட்டத்தையே நசுக்குது, பாருங்க! ஒவ்வொரு ஆட்டத்துலயும் லா! பைத்தியம் முத்திப் போச்சு!” என்று வெட்டி ஒட்டிப் போட்டான். நிறையப் பேர் பார்த்துச் சிரித்தார்கள். என் பெயர் இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. அதனால் நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் குழுவில் ஒரு புதுக் குரல் கேட்டது.

“வணக்கம் தம்பிங்களா. வயசான ஆளு நான். சேத்துக்குவீங்களா?”

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த பிறகும் அந்தக் குரல் அதிலிருந்து சின்னதாக வந்துகொண்டே இருந்தது. கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்கிள் பேரு என்ன?” என்று பிரையன் கேட்டான்.

“ராதாகிருஷ்ணன். ராதான்னே கூப்பிடுங்க. பிரிக்பீல்ட்ஸ்லதான் இருக்கேன், கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன்.”

“அட, நம்ம ஏரியா!”

எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. முகுந்தன் என்ற பையனின் கம்ப்யூட்டரைச் சும்மாவே சரிசெய்து கொடுத்தார். யாராவது தோற்றால் ஆறுதல் சொன்னார். எங்கள் பழைய குடியிருப்பிலும் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்.

பிறகு ஒருநாள், “அந்தக் கருவாடோட ஒரு ஆட்டம் போடலாமா?” என்று கேட்டார்.

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அவருடைய கல்லெறி வண்டி வயல்களைத் தாண்டித் தனியாக வந்தது. துணைக்குப் படை இல்லை. என் சுவருக்கு வெளியே இருந்த மஞ்சள் பழத் தோட்டத்தில் ஏறியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் போனது. திரும்பி, அதே மெதுவில் இன்னொரு தடவை. பிறகு வந்த வழியே போய்விட்டது. ஒரு கல்கூட எறியவில்லை.

திரையின் கீழே ஒரு வரி வந்தது. “சாப்பிட்டியா?”

நான் கீழே ஓடிப்போய்க் கடையின் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. ஆன்டி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “என்னடி, பேயைக் கண்டவ மாதிரி?” என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

மேலே வந்து, கருவாடு என்ற கணக்கையே அழித்துவிடுவதற்காக உட்கார்ந்தேன். அப்போது மேசைமேல் கிடந்த ஹெட்செட்டில், தூரத்திலிருந்து வருவதுபோல் இன்னொரு குரல் கேட்டது.

“அப்பா, தண்ணி முடிஞ்சிருச்சு.”

“உள்ள போ” என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

மலர். அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது, வளர்ந்திருந்தது. நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. நான் கணக்கை அழிக்கவில்லை.

அதன் பிறகு மாலையில் அவர் எப்போது வந்தாலும் நானும் வந்தேன். ஆட்டத்தில் பாதிக் கண், மீதியெல்லாம் காது. மலருக்கு இருமல் இருந்தது. வாய்ப்பாட்டைச் சத்தமாகப் படித்தாள், ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினாள். சில நாள் அப்பா, “தம்பிங்களா, சாப்பாடு வாங்கிட்டு வந்திடறேன்” என்று சொல்லிவிட்டு மைக்கை அணைக்காமலே எழுந்து போவார். இரும்புக் கதவு இழுபடும், சங்கிலி உரசும், பூட்டு விழும். அவர் போன பிறகு மலர் கம்ப்யூட்டர் பக்கம் வந்து, தன் பொம்மையிடமோ யாரிடமோ மெல்லப் பேசுவாள். நான் மைக்கைத் திறந்து ஒரு தடவை அவள் பெயரைச் சொல்லியிருக்கலாம். விரல் அந்தப் பொத்தான்மேலேயே இருக்கும். அவள் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் விரலை எடுத்துவிடுவேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்து சீருடையை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அப்பா குழுவுக்குள் வந்தது, தோட்டத்தை நசுக்கியது, மலரின் குரல், பூட்டு, எல்லாவற்றையும். அடிப்பார், அல்லது அழுவார் என்று நினைத்தேன்.

“அவ இருமுறாளா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாம்மா.”

அம்மா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

நேரில் கூடி ஆடலாம் என்ற யோசனை அப்பாவுடையது. பிரையனின் மாமா மகன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைபர் கஃபே வைத்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் அங்கே வர வேண்டும் என்று முடிவாயிற்று.

“கருவாடும் கண்டிப்பா வரணும்” என்றார் அப்பா.

“வரலன்னா வீட்டுக்கே போய்த் தூக்கிருவோம் அங்கிள்!” என்றான் முகுந்தன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

‘வர முடியாது. இங்கிருந்தே ஆடுகிறேன்’ என்று தட்டினேன்.

“பரவால்ல” என்றார். “ஆடுனா போதும்.”

“அங்கிள், உங்க மகளையும் கூட்டிட்டு வாங்க” என்றான் பிரையன்.

“அவ எதுக்கு? வீட்ல இருப்பா.”

அன்று டொரத்தி ஆன்டியின் அடுப்படியில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம். நான்காவது ஆள் ஆன்டியின் கணவர் சிரில் அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூட்டு வெட்டும் பெரிய கத்தரி ஒன்றைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார்.

“இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வீர வேல?” என்றார் ஆன்டி.

“அப்ப நீ வந்து வெட்டு.”

“வெட்டுவேன். எனக்கு என்ன, கத்திரி புடிச்சுப் பழக்கமில்லையா?”

அம்மா சிரிக்கவில்லை. “நம்ம கேஸ் பாக்கற லோயர் அம்மாகிட்ட கேட்டேன்” என்றார். “பிள்ளைய அவருகிட்ட விடணும்னு கோர்ட் இன்னும் சொல்லலியாம். பிள்ளைய உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போறது குத்தமாம். கூட்டிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன் போயி ரிப்போர்ட் பண்ணுங்கன்னாங்க. ஆனா அவரு வீட்ல இருக்கறப்ப என்னால அந்தப் படி ஏற முடியாது. முடியாது ஆன்டி.”

“அவன்தான் இருக்க மாட்டானே” என்றார் சிரில் அங்கிள். “சைபர் கஃபேல ரோமானிய ராஜா மாதிரி உக்காந்திருப்பான்.”

“அங்கேர்ந்து எங்க வீட்டுக்கு நடந்தே வந்திடலாம் அங்கிள்” என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “நான் சீக்கிரம் தோத்துட்டா எந்திரிச்சு வந்திடுவாரு. நான் ஜெயிச்சாலும் எந்திரிச்சிடுவாரு. அவருக்குத் தோத்த எடத்துல உக்காரப் புடிக்காது.”

“அப்ப ரெண்டும் பண்ணாத” என்றார் ஆன்டி.

சனிக்கிழமை சோறு இறங்கவில்லை. அம்மாவும் சிரில் அங்கிளும் அங்கிளின் வேனில் முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆன்டி கடையைப் பாதி அடைத்துவிட்டு, கையில் ஜெபமாலையோடும் போனோடும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஹெட்செட்டில் சைபர் கஃபேயின் இரைச்சல் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன, யாரோ சாப்பிட மீ கோரேங் கொண்டுவரச் சொன்னார்கள். முதலில் மற்றவர்களின் ஆட்டம். அப்பா வந்தாரா என்று தெரியாமல் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“வந்துட்டாருப்பா நம்ம அங்கிள்!” என்றான் பிரையன்.

ஆன்டி போனில் அம்மாவுக்குத் தட்டினார். ‘வந்தாச்சு.’

எங்கள் ஆட்டம் தொடங்கியது. நடுவில் ஆறு, இரண்டு பாலம். அவர் வழக்கம்போல் வேகமாகப் படை சேர்த்தார். நான் சுவருக்குமேல் சுவராகக் கட்டினேன். அவர் ஒரு பாலத்தைப் பிடித்தார், விட்டுக்கொடுத்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். ஆனால் ஜெயித்துவிடவும் கூடாது.

“வீட்டுக்குக் கீழ நிக்கிறாங்களாம்” என்றார் ஆன்டி. மைக் அணைந்திருந்தது. இருந்தாலும் நான் அவர் வாயைப் பொத்தப் போனேன்.

அப்பாவின் குதிரைப்படை என் தெற்குச் சுவரைச் சுற்றிப் போனது. அந்த நேரத்தில் அவர் ஊர் முழுதும் திறந்து கிடந்ததைப் பார்த்தேன். வாசலில் காவல் இல்லை. என் குதிரைகள் காட்டுக்குள் தயாராக நின்றன. அனுப்பினால் ஆட்டம் முடிந்துவிடும். என் வாழ்க்கையில் அவரை ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை. கையை மவுசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“கருவாடு தூங்குது லா! கதவு தொறந்திருக்கு, உள்ள போ!” என்று முகுந்தன் கத்தினான்.

“டேய், சொல்லிக் குடுக்காதீங்க” என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. அவர் திரும்பி வந்து வாசலை அடைத்தார். நான் மூச்சு விட்டேன்.

“மேல போயிட்டாங்க” என்றார் ஆன்டி. “பூட்டு பெருசாம். வெட்டுறாராம்.” ஜெபமாலை மணி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. “ஒண்ணு வெட்டியாச்சாம். உள்ள இன்னொரு பூட்டு இருக்காம்.”

என் வெளிச்சுவர் விழுந்தது. உள்சுவரில் ஆட்களை நிறுத்தினேன். அவருடைய கல்லெறி வண்டிகள் வரிசையாக வந்தன. வரும் வழியில் எந்தத் தோட்டத்தையும் மிதிக்கவில்லை. இன்றைக்கு அவருக்கு விளையாட்டு இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது.

“என்ன ரமணி?” என்றார். ரமணி அக்கா எங்கள் எதிர்வீடு. “எங்க வீட்லயா? என்ன சத்தம்?” குரல் ஒரு படி இறங்கியது. “யாரு?”

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

“அங்கிள், ஆட்டம் ஓடுது, எங்க போறீங்க?”

“ஒரு நிமிசம் தம்பி. வந்திடறேன்.”

ஆன்டி என் தோளைப் பிடித்தார். “லோஷினி, இன்னும் வெட்டி முடிக்கல. உங்கம்மா உள்ள கூடப் போகல.”

என்ன செய்வதென்று தெரியவில்லை. படையை அனுப்பலாமா? பாலத்தை உடைக்கலாமா? எழுந்துவிட்ட மனிதரைத் திரையில் எதைச் செய்து உட்காரவைப்பது? எங்கள் பழைய வீட்டின் குறுகலான படிக்கட்டும், மூன்றாம் மாடி நடையும், அம்மா அதில் நிற்பதும் கண்முன் வந்தன. கீழே இருந்து அவர் செருப்புச் சத்தம் மெதுவாக ஏறிவருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. மைக்கின் சிவப்பு விளக்கு பச்சையானது.

“அப்பா.”

எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. கீச்சென்று வந்தது. அங்கே எல்லாச் சத்தமும் நின்றது.

“யாரு லா அது?” என்றான் பிரையன்.

“அப்பா, நான்தான். போவாதீங்க.”

அவர் போனில் ரமணி அக்காவின் குரல் இன்னும் கேட்டது. பிறகு, “ஒண்ணுமில்ல ரமணி. பூனையா இருக்கும். அப்புறம் பேசுறேன்” என்றார். நாற்காலி முன்னுக்கு நகர்ந்தது.

“எனக்குத் தெரியும்மா” என்றார். “அந்தத் தோட்டத்த நசுக்குனத பாத்தப்பவே தெரியும். என் பிள்ள இல்லாம வேற யாரு அதைச் செய்வா? எங்க இருக்க?”

“ஆட்டம் முடியட்டும்பா. சொல்றேன்.”

“இப்பவே சொல்லு.”

“முடிங்க. முடிச்சா சொல்றேன்.”

“அங்கிள், கருவாடு உங்க மகளா?” என்றான் முகுந்தன்.

அப்பா ஆடினார். இதற்கு முன் அவர் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. எல்லாப் படையையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கினார். நான் வயலில் வேலை செய்தவர்களைக்கூடச் சுவருக்கு அனுப்பினேன். அவர்கள் கையில் மண்வெட்டி மட்டும் இருந்தது. ஆடிக்கொண்டே அவர் பேசினார், அன்பாக, தாழ்வாக.

“அம்மா நல்லா இருக்காளா? கை சரியாயிருச்சா? உன் சைக்கிள் இன்னும் இங்கதான் இருக்கு. காத்து அடிச்சு வச்சிருக்கேன். நான் கோவமா இல்லம்மா. யாரு மேலயும் கோவமில்ல. ஒரு ரோட்டுப் பேரு சொன்னாப் போதும், நானே வந்து கூட்டிக்கிறேன்.”

என் மவுஸ் தவறியது. ஒரு வாசல் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, அது மைக்கில் கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளேயே ஒருத்தி துடித்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஆன்டி என் பக்கத்தில் போனைக் காதில் வைத்திருந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களஞ்சியம் எரிந்தது. கடைசிச் சுவர் விரிசல் விட்டது. சுவருக்குப் பின்னால் ஆட்டுப்பட்டி, அதற்குப் பின்னால் நடு மண்டபம், அவ்வளவுதான் என் ஊர். காட்டில் ஒளித்து வைத்திருந்த குதிரைகளை இப்போது கூப்பிட்டேன். அவை ஒவ்வொன்றாக வந்து அவருடைய கல்லெறி வண்டிகளின்மேல் மோதி விழுந்தன. ஒவ்வொரு குதிரைக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

ஆன்டி திடீரென்று நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டார். போனை என் வலது காதில் வைத்து அழுத்தினார். வண்டி ஓடும் இரைச்சல். சிரில் அங்கிள் யாருக்கோ ஹாரன் அடித்தார்.

“புள்ள வேன்ல ஏறிட்டா. ஃபெடரல் ஹைவேக்கு வந்துட்டோம், ஸ்டேஷனுக்குத்தான் போறோம்” என்றார். பின்னால் மலரின் குரல் கேட்டது. “அம்மா, என் ஸ்கூல் பேக்க எடுக்கல” என்று சொல்லி இருமினாள்.

நான் மவுசிலிருந்து கையை எடுத்தேன்.

மண்டபம் இடிந்தது. தூசி அடங்கியதும் அவருடைய படை என் ஊரின் நடுவில் வரிசையாக நின்றது. சைபர் கஃபேயில் யாரும் கைதட்டவில்லை.

“முடிஞ்சிருச்சு” என்றார் அப்பா. “சொல்லு.”

நான் ஆன்டியின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“லோஷினி. ஆட்டம் முடிஞ்சிருச்சு. சொல்றேன்னு சொன்னல்ல?”

அவர் போன் மறுபடியும் அடித்தது. இந்தமுறை அவர் என்ன ரமணி என்று கேட்கவில்லை. எடுத்துக் காதில் வைத்ததும் அந்தப் பக்கம் பெண்குரல் ஒன்று படபடவென்று பேசுவது லேசாகக் கேட்டது. பேசி முடித்து, “ஹலோ? ஹலோ?” என்றது.

பிறகு நாற்காலி நகர்ந்தது. ஹெட்செட் மேசையில் விழுந்து ஒரு முறை உருண்டது.

“அங்கிள்?” என்றான் பிரையன். “அங்கிள், போறீங்களா? என்ன ஆச்சு? அங்கிள்!”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய படைவீரர்கள் கட்டளைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக் கதவு திறந்து, தெருவின் லோரி இரைச்சல் கொஞ்சம் உள்ளே வந்து, கதவு மூடிக்கொண்டது.